முட்டில் போடும் ஊசி

பிரதோஷத்துக்கு வில்வ இலை வாங்கிக்கொண்டு சுசீந்திரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் கடற்கரைப் பெண்கள் இரண்டு பேர். கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த மூத்தவள் தன் நாத்தனாரிடம் சொன்னாள்:

"ஏட்டி, வெள்ளிக்கிழமை எனக்க ரத்தத்த எடுத்து எனக்க கால் முட்டுலயே குத்தப் போறாவ."

"அய்யே! உள்ள ரத்தத்தத் திருப்பிக் குத்தவா மைனி ஆஸ்பத்திரிக்குப் போறிய?"

"மிஷின்ல போட்டுச் சுத்தி, சத்த மட்டும் பிரிச்சு எடுப்பாவளாம். தேஞ்ச முட்டு தேறினாலும் தேறும், உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் போடத்தான் போறேன். மீன் சுமந்து தெருத்தெருவா நடக்காண்டாமா?"

"வலி தீரணும்னு மாதாவுக்கு நேர்ச்ச வச்சியளே? கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் முட்டுகுத்தியே போனியளே?"

"போனேன். அன்னைக்கு வீங்கினது இன்னும் வடியல்ல. டாக்டர் கேட்டுட்டு தலையில கைய வச்சிட்டாரு. இனி முட்டே குத்தப்பிடாதாம்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அப்போ பூசையில எல்லாரும் முட்டுகுத்தும்போ நீங்க மட்டும் கொடிமரம் மாதிரி நிப்பியளா? ஊரு பேசும் மைனி."

"பேசட்டும்டி. மகன் சிலுவையில கெடக்கும்போ மாதா முட்டா குத்துனா? சிலுவைக்குக் கீழ நின்னாள்லா! அவளுக்குத் தெரியும், நான் நிக்கதுக்கு எம்புட்டுப் பாடுபடுகேன்னு."