இடுப்பு முப்பத்தாறரை

டெய்லர்: ...அப்படியில்ல, டேப்ப முதுகுப் பக்கம் தொங்க விடாத. சட்டை தூக்கிக்கும்.

மனைவி: இருபத்திரண்டு வருஷமா உங்க கடையில காஜா போடுறவளுக்கு அளவெடுக்கத் தெரியாதா? கையத் தூக்குங்க.

டெய்லர்: டெய்லருக்கே அளவா... பக்கத்து பெட்காரர் சிரிக்கிறார் பாரு.

மனைவி: சிரிக்கட்டும். டிஸ்சார்ஜ் அன்னிக்குப் புதுச்சட்டை போட்டுத்தான் இந்த ஆஸ்பத்திரிப் படிய இறங்குறீங்க. ஆமா, அந்த மாத்திரை என்னதான் பண்ணுது? டாக்டர் சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல.

டெய்லர்: நான் சொல்றேன் கேளு. ரத்தத்துல வெள்ளை அணு இருக்குல்ல... எனக்கு அது பிஞ்சாவே நின்னுபோச்சு. வேலையும் செய்யாது, இடத்தையும் விடாது. அதான் என் புற்றுநோய்.

மனைவி: ம்.

டெய்லர்: மத்த மருந்து கண்ணுல பட்டதையெல்லாம் கொல்லும். இது... பிஞ்ச வளர வைக்கும். வளர்ந்ததும் அது பாட்டுக்கு வேலையப் பார்த்துட்டுப் போய்ச் சேர்ந்துடும். வைட்டமின் ஏ வகையறா மருந்து.

மனைவி: கேரட்டுல இருக்கே, அந்த ஏ-வா? ஒரு மூட்டை வாங்கிட்டு வந்திருப்பேனே.

டெய்லர்: மூட்டை தின்னா... தோல்தான் மஞ்சளாகும். இது அதோட சித்தப்பா மகன். குணமே வேற. காலைல நாலு... சாயங்காலம் நாலு...

மனைவி: ஏன் நிறுத்தி நிறுத்திப் பேசுறீங்க?

டெய்லர்: உனக்குப் புரியணும்ல.

மனைவி: உதடு வேற வெடிச்சிருக்கு.

டெய்லர்: அதுவும் மாத்திரை வேலைதான். தலைவலியும் அதான். எல்லாம் சீட்டுல எழுதியே குடுத்திருக்காங்க. பத்துல ஒன்பது பேர் பொழச்சுக்கிறாங்களாம். அந்த ஒன்பதுல நான் இருக்கேன். பத்தாவது ஆள வேற வார்டுல தேடிக்கட்டும்.

மனைவி: முப்பத்தாறரை.

டெய்லர்: என்னது?

மனைவி: இடுப்பு. போன வாரம் இங்க சேரும்போது போட்டிருந்த பேன்ட் முப்பத்திநாலு.

டெய்லர்: உக்காந்த இடத்துல சாப்பாடு... ஏறாதா பின்ன?

மனைவி: டேப்ப வச்சதும் வயித்த எக்குனீங்க. எக்குற ஆளுக்குப் பேச்சுக் குடு, தானா விட்டுடுவான், அப்ப அளவப் பாருன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?

டெய்லர்: ...கெட்டிக்காரிதான்.

மனைவி: அப்ப காலைல எடை பார்க்கும்போது மட்டும் எப்படி ஏறாமக் காட்டுது? சுவத்தப் பிடிச்சுக்கிறீங்களா?

டெய்லர்: ரெண்டு விரல்தான்... மூணு நாளா.

மனைவி: ஏன்?

டெய்லர்: எடை ஏறுனாலோ மூச்சு வாங்குனாலோ உடனே சொல்லணும்னு சீட்டுல இருக்கு. சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. நிறுத்துனா நான் அந்தப் பத்தாவது ஆள். பயமா இருக்கு, அவ்வளவுதான்.

மனைவி: அத நான் டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். இப்படி உடம்புல நீர் கோத்து எடை ஏறுனா அதுக்குத் தனி மருந்து இருக்கு. ரொம்ப அதிகமானாத்தான் இத நிறுத்துவாங்க, சரியானதும் மறுபடி குடுப்பாங்க. மறைச்சாத்தான் உயிருக்கே ஆபத்து.

டெய்லர்: ஒண்ணும் புரியலன்ன...

மனைவி: நீங்க பேசணும்ல.

டெய்லர்: ...சரி, நர்ஸக் கூப்பிடு. சட்டைக்கு மட்டும் பழைய அளவையே எழுதிக்க. அதுக்குத்தான் நான் திரும்பி வரப்போறேன்.

மனைவி: அவங்க கால்மாட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் அப்பவே வந்து நிக்கிறாங்க. சட்டைத் துணி நான் இன்னும் எடுக்கவே இல்ல. நேத்து போன்ல உங்க மூச்சக் கேட்டேன்... டேப்பத் தூக்கிட்டு ஓடி வந்துட்டேன்.