குழவிக்கல்லும் மூன்று ஜோடி ஷூவும்

ஷூ வாங்குவதற்கு ஏற்ற நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல், தாசில்தார் ஐயா. காலையில் இருக்கிற கால் வேறு. நாள் முழுக்க நடந்து வீங்கின கால் வேறு. காலையில் அளவு பார்த்து வாங்கினவன் சாயங்காலம் நொண்டுவான். சங்கரன்கோவிலில் பதினேழு வருஷமாகக் கடை வைத்து இதைத்தான் சொல்லி வருகிறேன். காலையில் ஷூ கேட்டு வந்தவர்களை எல்லாம் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் அவர்கள் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டார்கள். அதற்காக உள்ளதை மாற்றிச் சொல்ல முடியுமா?

நீங்கள் என்னைக் கூப்பிட்டது இதற்கு இல்லை என்று தெரியும். ரோட்டை அகலப்படுத்த வேண்டும். ஓடைக்கரையில் ஓட்டமாடன் கோவில் குறுக்கே நிற்கிறது. கல்லை ஒரு அங்குலம் நகர்த்தவும் ஜனங்கள் விடமாட்டேன் என்கிறார்கள். அந்தச் சாமி எந்தக் காலத்துச் சாமி என்று கோவில் தர்மகர்த்தாவான குருநாதன், அதாவது நான், எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன். ஆனால் ஷூவிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கடை வாசலில் ஒரு போர்டு மாட்டினேன். 'எந்த மண், எத்தனை மைல்? சொல்லுங்கள். ஷூவை நாங்கள் சொல்கிறோம்.' ஓட்டக்காரர்களுக்கான போர்டு அது. நூறு கஜம் ஓடுகிறவனுக்கு ஷூ காலோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். பத்து மைல் ஓடுகிறவனுக்கு முன்னால் அரை விரல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்து உதிர்ந்துபோகும். ஷூவின் அடிப்பாகமும் கரிசலுக்கு ஒன்று, சரளைக்கு ஒன்று, தார் ரோட்டுக்கு ஒன்று. இவ்வளவையும் நான் யாரிடமும் படிக்கவில்லை. வருகிறவர்களின் பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

என் மச்சினன் வெள்ளத்துரை பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். என் மனைவி கோமதியம்மாளுக்குத் தம்பி. அவன் ஒருநாள் கடையில் நாலு பேர் இருக்கும்போது போர்டைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"அத்தான், ஓடுதது காலு. செருப்பு இல்ல."

"மண்ணுக்குத் தக்கன செருப்பு இல்லன்னா காலு எங்கன மாப்ளே ஓடும்?"

"சரி, பொங்கல் பந்தயத்துல உங்க ஆளை இறக்குங்க. எங்க பள்ளிக்கூடத்துப் பையன் வேல்சாமி ஒரே கேன்வாஸ் ஷூவுல ஓடுவான். உங்க ஆளு தோத்தா இந்தப் போர்டைக் கழத்திருவியளா?"

கழற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். நாலு பேர் முன்னால் வேறு என்ன சொல்வது? போர்டு போனால் நான் ஹவாய் செருப்பு விற்கிறவன், அவ்வளவுதான். சாகிறவரைக்கும் கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அவன் அதையே சொல்லிச் சிரிப்பான். எனக்கு அந்தப் போர்டு வேண்டியிருந்தது, ஐயா. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பந்தயம் பனவடலிசத்திரத்தில் புறப்பட்டு, காட்டுப் பாதையில் சுற்றி, சங்கரன்கோவில் வருவது. பன்னிரண்டு மைல். முதல் ஐந்து மைல் கரிசல். மார்கழிக் கடைசியில் மழை பெய்து மண் பிசின் மாதிரி இருந்தது. தட்டை அடியில் அது அப்பிக்கொண்டால் ஒவ்வொரு காலும் ஒரு படி அரிசி கனம் கனக்கும். அடுத்த நாலு மைல் ஓடைச் சரளையும் உடைமுள்ளும். கடைசி மூன்று மைல் தார் ரோடு. ஆகவே கரிசலுக்கு ஆணி வைத்த கால்பந்து ஷூ, ஓடைக்கு லாரி டயர் அடி தைத்த ஷூ, தாருக்கு உள்ளே ஸ்பாஞ்சு வைத்த ஷூ என்று மூன்று ஜோடி தயார் செய்தேன். மூன்றும் அருமையாக அமைந்தன.

என் ஓட்டக்காரன் கருத்தப்பாண்டி. பவர்லூமில் வேலை, சின்ன வயதில் அந்த ஓடையில் ஆடு மேய்த்தவன். பிறந்ததிலிருந்து ஷூ போட்டதில்லை. முதல் தடவை மாட்டிவிட்டபோது, "அண்ணாச்சி, காலுக்கு மூச்சு முட்டுது" என்றான். பழகிவிடும் என்றேன்.

பேர் கொடுத்த எட்டுப் பேரும் சேர்ந்து ஓடிய ஒத்திகையில்தான் கோளாறு தெரிந்தது. ஷூ மாற்ற ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷம் போகிறது. லேசை அவிழ்க்கணும், கட்டணும். வேல்சாமிக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் கரிசல் முடிகிற இடத்தில் ஒரு சுடலைமாடன் கோவில் இருக்கிறது. மாடன் எல்லைக்குள் செருப்புக் காலோடு போகிற தைரியம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. எட்டு ஓட்டக்காரர்களும் நின்று, லேசை அவிழ்த்து, ஷூவைக் கையில் பிடித்து எல்லையைக் கடந்து, திரும்பக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். அதே இடத்தில் கருத்தப்பாண்டியும் ஷூ மாற்றினான். அங்கே யாருக்கும் லாபமில்லை, நட்டமில்லை.

இரண்டாவதாக மாற்றுகிற இடம், ஓடையிலிருந்து தார் ரோட்டில் ஏறுகிற கரை. அங்கே சாமி இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஓரிடத்தில் எல்லோரும் நிற்கிறார்கள், இன்னோரிடத்தில் என் ஆள் மட்டும் நிற்கிறான் என்றால் அது என்ன பந்தயம்? இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். குறை ஓட்டக்காரனிடம் இல்லை, ஷூவிடம் இல்லை. அந்த இடத்தில் ஒரு மாடன் குறைகிறார், அவ்வளவுதான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் உச்சிவெயிலில், ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், சைக்கிளில் போனேன். வீட்டு ஆட்டுரலின் குழவிக்கல்லைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டேன். கரையில் அதை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துண்டு சுற்றினேன். கடைப் பந்தல் கம்பு ஒன்றைப் பக்கத்தில் ஊன்றி நுனியில் எலுமிச்சம்பழம் குத்தினேன். புதுசாகத் தெரியக்கூடாது என்று கொஞ்சம் எண்ணெயும் புழுதியும் தடவினேன். முக்கால் மணி நேர வேலை. கிளம்பும்போது பார்த்தால் என் செருப்பு பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை. பழக்கதோஷம்.

மறுநாள் பந்தயத்தைத் தொடங்கி வைக்க வேண்டியவர் தாமதமாக வந்தார். எட்டு மணி ஓட்டம் பத்தரைக்குப் புறப்பட்டது. நான் மூன்றாவது ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையில் வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வேல்சாமிதான் வந்தான், நல்ல வேகத்தில். கல்லைப் பார்த்ததும் பிரேக் போட்டு நின்றான். முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் காலையில் அவன் அதே இடத்தில் ஷூக் காலோடு பயிற்சி ஓடியிருக்கிறான். "அய்யா, தெரியாம மிதிச்சிட்டேன், மன்னிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே லேசை இழுத்தான். வெள்ளத்துரை சொல்லிக்கொடுத்தபடி, சுடலைமாடனைத் தாண்டித் திரும்பக் கட்டும்போது இரட்டை முடிச்சுப் போட்டிருந்தான். ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. பல்லால் கடித்து அவிழ்த்தான். பிறகு மூன்று சுற்றுச் சுற்றினான். அப்புறம் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தான். பின்னால் வந்தவர்களும் வரிசையில் நின்றுகொண்டார்கள். நான் எண்ணியிருந்தது இரண்டு நிமிஷம். இவர்கள் ஆறு, ஏழு நிமிஷம் எடுத்தார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

கருத்தப்பாண்டி ஐந்தாவதாக வந்தான். டயர் ஷூவைக் கழற்றினான். நான் மூன்றாவது ஜோடியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. கல்லையே பார்த்தான்.

"அண்ணாச்சி, இது யாரு?"

"மாடன்தாம்லே. சீக்கிரம் மாட்டு."

"எப்ப வந்தாரு?"

"ரொம்ப நாளா இருக்காரு."

"இங்கன நான் ஏழு வருசம் ஆடு மேய்ச்சிருக்கேன். பாத்ததே இல்லியே."

"நீ சரியாப் பாக்கல."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவன் கண் கலங்கிவிட்டது. "ஏழு வருசமும் செருப்புக்காலோட இவர் தலைமாட்டுல நடந்திருக்கேனே. இனி ஊரு போய்ச் சேருத வரைக்கும் காலுல ஒண்ணும் போட மாட்டேன், இது சத்தியம்" என்று கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வெறுங்காலோடு தார் ரோட்டில் ஏறினான்.

மணி பன்னிரண்டுக்கு மேல். தார் கொதித்துக்கொண்டிருந்தது. வெறுங்கால்காரன் அதில் மெதுவாக ஓட முடியாது. கீழே வைத்த காலை உடனே எடுத்தாக வேண்டும். அவன் போன வேகத்தை நான் இதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. "ஏலே, ஸ்பாஞ்சு வச்சிருக்குலே" என்று கத்திக்கொண்டு நானும் ஷூவோடு பின்னால் ஓடினேன்.

மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். அவர்களுக்கு மனதில் பயம் விழுந்துவிட்டது. இந்த ரோட்டில் இன்னும் எத்தனை சாமி தெரியாமல் இருக்கிறதோ என்று, தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒவ்வொரு மைல்கல்லிலும் நின்று ஷூவைக் கழற்றிக் கும்பிட்டு மாட்டினார்கள். கருத்தப்பாண்டி முதலாவது வந்தான். நான் இரண்டாவது வந்தேன், வேட்டியோடு. அன்றைக்கும் செருப்பை வேப்பமரத்தடியிலேயே கழற்றி விட்டு வந்ததை அப்போதுதான் கவனித்தேன். இரண்டாம் பரிசு எவர்சில்வர் தூக்குவாளியை என் கையில் கொடுத்தார்கள். பந்தயத்தில் பேர் கொடுக்காதவன் பரிசு வாங்குவது முறையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதிலும் ஒரு நேர்மை வேண்டும்.

ஓட்டம் முடிந்து வெகு நேரம் கழித்து வேல்சாமியோடு வந்து சேர்ந்த வெள்ளத்துரை, "தாருக்கு என்ன ஷூ அத்தான் போட்டியோ?" என்று கேட்டான். கையில் இருந்த ஜோடியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மூணு மைல் ஓடியும் ஒரு கீறல் இல்லியே" என்றான். சரியாகத் தேர்ந்தெடுத்த ஷூ அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவன் பள்ளிக்கூடத்துப் பையன் ஒவ்வொருவனுக்கும் மூன்று ஜோடி என் கடையில்தான். போர்டை எடுத்துவிட்டு இன்னும் பெரியதாக மாட்டினேன்.

பந்தயம் முடிந்த மறுநாளே கல்லைப் பிடுங்கி வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போனால் ஏழெட்டுப் பேர் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வெள்ளத்துரையே பீடம் கட்டினான். போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிற பையன்கள் பந்தல் கம்பில் ஷூ லேஸ் கட்டி வேண்டிக்கொள்கிறார்கள். ஓட்டமாடன் என்று பெயரும் வந்துவிட்டது. முதன்முதலில் மாடனை அடையாளம் சொன்னவர் என்று கருத்தப்பாண்டி ஊருக்கெல்லாம் சொல்லி, என்னைத் தர்மகர்த்தா ஆக்கிவிட்டார்கள். மறுத்தால் சந்தேகப்படுவார்கள்.

கோமதியம்மாள் பாடுதான் பாவம். குழவியைக் காணோம் என்று ஒரு மாதம் தேடினாள். கடைசியில் ஓட்டமாடனிடமே போய், "எங்க வீட்டுக் குழவிய எடுத்தவன் எவனா இருந்தாலும் அவன் முட்டு வெளங்காமப் போகணும்" என்று, அந்தக் குழவிக்கே மாலை போட்டு வேண்டிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தச் சித்திரையிலிருந்து எனக்கு வலது முட்டியில் வலி. வயசுக் கோளாறு என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்குக் குழவி விஷயம் தெரியாது.

இவ்வளவுதான் ஐயா நடந்தது. நான் யாரையும் கெடுக்கவில்லை. இரண்டு நிமிஷத்தைச் சமன் செய்தேன். நேற்று டேப்போடு அளக்க வந்தபோது நீங்களும் வேப்பமரத்தடியில்தான் ஷூவைக் கழற்றினீர்கள், பார்த்தேன். எட்டாம் நம்பர். உங்களுக்கு எட்டரை வேண்டும். காலையில் வாங்கியிருப்பீர்கள்.

அது சாமி இல்லை, என் வீட்டு ஆட்டுரல் குழவி, வைத்தவன் நானே என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கையெழுத்தை இந்த ஆபீசிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய், கல்லுக்கு முன்னால் நின்று இதை வாசிக்கச் சொல்லாதீர்கள். மாடனுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல என்னால் ஆகாது.