கல் பூதத்தின் முழங்கால்

துவாக்குடி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இருவரும் வெல்டிங் பட்டறைச் சீருடையில் இருந்தார்கள்.

"நேத்து அந்தக் கல் பூதத்தைச் சாய்ச்சுட்டேன்டி," என்றாள் மூத்தவள்.

"வீடியோ கேம்லயாக்கா? ஒவ்வொரு பாகத்துலயும் வந்து அண்ணனைக் கொல்லுமே, அதையா?"

"அதேதான். எங்க வீட்டுக்காரரு அதோட நெஞ்சுலயே வெட்டிக்கிட்டு இருப்பாரு. நான் பட்டறையில வெல்டைத் தட்டிப் பாக்கற மாதிரி உடம்பு பூரா தட்டிப் பாத்தேன். ஒரு முழங்கால்ல மட்டும் வெத்துச் சத்தம். அங்கயே நாலு போடு போட்டேன். பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு!"

"அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேக்கலையாக்கா?"

"நைட் ஷிஃப்ட் முடிச்சு நான் தூங்கறேன்னு, பாவம், சவுண்டே வைக்காம இத்தனை வருஷமா விளையாடியிருக்காருடி!"

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அங்கேயே நின்றுவிட்டார்.

"எந்தக் கால்ங்க? இடதா, வலதா?"