கோடு போட்ட வார்த்தை

எத்தன நோட்டுன்னா கேட்டீங்க? நாப்பத்தொண்ணு டீச்சர். ஆமா, கிளாஸ்ல நாப்பத்திரெண்டு பேருதான். ஒரு நோட்டு வெளிய போயிருக்கு, சொல்றேன். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். எட்டாங்கிளாஸ இனிமே நீங்கதான பாக்கப் போறீங்க, தொழில் ரகசியத்தக் கேட்டுக்கோங்க.

டிரான்சிடிவ் வெர்ப், இன்டிரான்சிடிவ் வெர்ப்னு பேருதான் பெருசு, உள்ள ஒண்ணுமில்ல. வெர்ப்பப் பாத்து யாரை, எதைன்னு கேளுங்கடான்னு சொல்லணும். உடைச்சான், எதை? தட்டை. பதில் வந்துச்சா, டிரான்சிடிவ். தட்டுதான் ஆப்ஜெக்ட். தூங்கினான், யாரை? பதில் வராது, பின்பெஞ்ச்லருந்து சிரிப்புதான் வரும். அது இன்டிரான்சிடிவ். பதினோரு வருஷமா தொண்ட வத்த இதத்தான் கத்துனேன்.

அப்புறம் சொந்தமா பத்து வாக்கியம் எழுதி, ஆப்ஜெக்டுக்கு அடியில கோடு போடச் சொல்லுவேன். திருத்துறப்ப கோடு போட்ட வார்த்தைய மட்டும் பாப்பேன். முழுசா யாரு படிக்கிறது? டிக், டிக், வெரி குட், அடுத்த நோட்டு. மத்தவங்க பொதி சுமந்துக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க, பாவம். நான் கைய வீசிக்கிட்டுப் போவேன். ஹெட்மாஸ்டரே மீட்டிங்ல, இவங்களப் பாத்துக் கத்துக்கோங்கன்னாரு. அடுத்த வாரமே ஒரு வாலு, ஹெட்மாஸ்டர் பெஞ்சைத் தின்கிறார்னு இங்கிலீஷ்ல எழுதி, பெஞ்சுக்கு அடியில அழகா கோடு போட்டிருந்தான். நானும் டிக் போட்டுட்டேன். அது அவரு கைக்கே போச்சு. ஆப்ஜெக்ட் சரியாத்தானே சார் இருக்குன்னேன். ஸ்டாஃப் ரூமே விழுந்து விழுந்து சிரிச்சுது. நீங்களும் சிரிக்கிறீங்க பாருங்க. அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

இல்லீங்க, நானா கேட்டு எங்கயும் போகல. லைப்ரரில பழைய புத்தகத்துக்கு நம்பர் ஒட்டச் சொல்லிட்டாங்க, விசாரணை முடியற வரைக்கும்.

ஜன்னலோரம் மூணாவது பெஞ்ச்ல ஒரு பொண்ணு. வாயே தொறக்காது. பரீட்சைக்கு முன்னாடி குடுத்த பத்து வாக்கியத்துல, சித்தப்பா என்னை அடிக்கிறார்னு எழுதியிருந்தா. சித்தப்பா கதவைப் பூட்டுகிறார். சித்தப்பா என் கையைச் சுடுகிறார். பத்தும் இப்படித்தான், ஒரு பிழை இல்ல. வாயால சொல்ல முடியாதத எங்கிட்ட எழுத்துல சொல்லியிருக்கா. யாரை, எதைன்னு அத்தன பிள்ளைங்களையும் கேக்க வெச்ச மகராசி, நான் ஒரு தடவ கேக்கல. பத்துக்குப் பத்து. கீழ சிவப்புல வெரி குட். அந்த நோட்டுதான் இப்ப போலீஸ்கிட்ட இருக்கு.

உயிரோடதான் இருக்கா. நேத்து ஆஸ்பத்திரில போய்ப் பாத்தேன், வலது கை முழுக்கக் கட்டு. என்மேல கோவம்கூட இல்ல டீச்சர் அதுக்கு. மிஸ், டிக் போட்டிருந்துச்சா, நீங்க படிச்சிட்டீங்கன்னு நெனச்சு பன்னெண்டு நாளா காத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லுது.