மாமியாரின் நேயர் கடிதங்கள்

ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு வானொலி அறிவிப்பாளர் இருந்தார். குரலை வைத்தே அவரைக் கண்டுபிடித்துவிட்ட தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"அக்கா, உங்க ரேடியோ நாடகத்துல கடிதம் போட்டவங்க பேர வாசிக்கிறப்போ, என் மாமியார் பேர மட்டும் வாசிச்சிராதீங்க."

"பேர் வாசிச்சாதானே ஆளுங்க கேப்பாங்க?"

"பேர் வர்ற வரைக்கும்தான் கேப்பாங்க. எங்க லயத்து வீடுகள்ல பேர் வந்தவங்கல்லாம் சினிமாப் பாட்டுக்குத் திருப்பிட்டாங்க. மாமியாரும் திருப்பிட்டா உங்க நாடகத்த நான் எப்படிக் கேக்குறது? அதான், அவங்க சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவேன், தபால்ல போடமாட்டேன். வேற யார்கிட்டயாவது குடுத்துப் போட்டுட்டாங்கன்னா?"

"ஐயையோ! கடிதம் வரலன்னுதான் நிகழ்ச்சியவே நிறுத்தப் போறாங்க."

அந்தப் பெண் போடாத கடிதங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"பேர நான் வாசிக்கல. கடிதத்த மட்டும் போடுங்க," என்றார் அறிவிப்பாளர்.

"எல்லாத்தையுமா?"