நின்ற மெஷினுக்கு நாடி பார்த்தவள்

மாவு படியாத மூலையே இல்லாத இந்த மாபெரும் பிஸ்கட் தொழிற்சாலையில், மாவு படியாத ஒரே நாற்காலியைத் தேடிப் பிடித்து அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! தொழிலாளர் நலச் சங்கத்தின் தூணே, எங்கள் குடும்பத்தின் தூதே, என் கணவரின் உடன்பிறந்த தம்பியே, என் அருமைக் கொழுந்தனாரே! முதல் வணக்கம் உங்களுக்குத்தான். உங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அவசரப்படாதீர்கள், அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

அடுப்பு அணைந்தால் அனலாகிவிடும் மேலாளர் ஐயா அவர்களே! ஆண்டாண்டு காலம் அச்சு அடித்தும் பிஸ்கட்டில் ஒரு நாளும் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளாத பெரியோர்களே! வீட்டில் ஒரு அடுப்பு, வேலையில் ஒரு அடுப்பு என்று இரண்டு வெக்கையையும் தாங்கும் தாய்மார்களே! முன்வரிசையில் உடைந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டும், உடையாததை உடைத்துத் தின்றுகொண்டும் இருக்கும் செல்வங்களே! அட்டைப்பெட்டிக் குவியலுக்குப் பின்னால் நின்றபடி எப்போது முடியும் என்று பார்க்கும் வாலிபர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் சம்பந்தியம்மா அவர்களே, உங்களுக்கும் வணக்கம்!

யாரங்கே சிரிப்பது? ஆமாம், சம்பந்திக்கு வணக்கம் சொன்னேன். காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது உங்களுக்கு. அது எப்படி நடந்தது என்று சொல்லத்தானே மேடை ஏறியிருக்கிறேன்!

என்னைச் சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகப் பேச எனக்கென்ன மறதியா இருக்கிறது? நான் படித்தது கொஞ்சம், மறக்காதது மலையளவு. "பழசையெல்லாம் மறந்துடும்மா, மனசு லேசாயிடும்" என்று என் மகன் சொல்லிக்கொண்டே இருப்பான். மறந்தால் மனசு லேசாகும், சரி. கூடவே மண்டையும் அல்லவா லேசாகிவிடும்!

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தாள், இன்று நீங்கள் மாலை போட்டு உட்கார வைத்திருக்கும் என் மருமகள். என்ன வேலை அவளுக்கு? இந்தத் தொழிற்சாலையில் ஓடுகிற மெஷின்களின் அதிர்வை அளக்கிற வேலை. காந்தம் வைத்த சின்னக் கட்டை ஒன்றை மெஷினின் விலாவில் ஒட்டுவாள். கையிலிருக்கும் கருவியில் ஒரு கோடு ஏறும், இறங்கும். அதை உற்றுப் பார்ப்பாள். அவ்வளவுதான். முதல் நாளே கேட்டேன்.

"ஏம்மா, ஓடுற மெஷின் ஆடத்தானே செய்யும்? ஆடாம இருக்க அது என்ன அலமாரியா?"

"ஆடுறது தப்பில்ல அத்தை. முன்ன ஆடினதைவிட இப்ப ஏன் கூட ஆடுதுன்னு பார்க்கணும். உடையப்போற மெஷின் உடையறதுக்கு முன்னாடியே சொல்லிடும். நாமதான் அதோட பழைய அளவை மறக்காம வச்சிருந்து ஒப்பிட்டுப் பார்க்கணும்."

மறக்காமல்! கேட்டீர்களா? பழையதை மறக்காமல் வைத்திருந்து ஒப்பிட வேண்டுமாம்! உடனே மகனைக் கூப்பிட்டேன். "கேட்டுக்கடா. உன் பொண்டாட்டி செஞ்சா அதுக்குப் பேரு பராமரிப்பு. உங்கம்மா செஞ்சா மட்டும் அதுக்குப் பேரு பகையா?" செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டான்.

சரி, நான் மறக்காமல் வைத்திருந்தது என்ன? ஒரு புடவை! கத்தரிப்பூ நிறத்தில், கரை அகலமாக, கட்டிய முதல் நாள். சம்பந்தி வீட்டுக்குப் போனேன். தேநீர் கொண்டு வந்தார்கள். தட்டு நடுங்கியது, தம்ளர் தள்ளாடியது, தேநீர் துள்ளியது, என் மடி நனைந்தது. அங்கே சிரிக்கிற அம்மா, உங்கள் புடவையில் ஊற்றினால் இப்படிச் சிரிப்பீர்களா?

கறை போயிற்றா என்று கேட்காதீர்கள். புடவையிலிருந்து போயிற்று.

அன்று மாலையே வந்தார் என் கொழுந்தனார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே அவர்தான்; இரண்டு வீட்டுக்கும் இடையே பாலம் அவர்தான். அந்தப் பாலம் சொல்லிற்று: "சொல்லக்கூடாது அண்ணி, ஆனாலும் சொல்றேன். உங்க பேரைக் கேட்டாலே அவங்களுக்குக் கோபத்துல கை நடுங்குதாம். தேநீர் தானா கொட்டல. வேணும்னே கொட்டியிருக்காங்க."

போதாதா எனக்கு? அன்றோடு பேச்சு நின்றது, போக்குவரத்து நின்றது. நின்றும் ஓய முடியாமல், இரண்டு வீட்டுக்கும் நடுவே, சக்கரத்துக்குள் சுழலும் பேரிங் குண்டு போல உருண்டுகொண்டிருந்தவள் என் மருமகள் ஒருத்திதான்.

இப்போது தொழிற்சாலைக்கு வருகிறேன். அடுப்புக்குள்ளே அனற்காற்றை அள்ளி வீசுகிற பெரிய விசிறி இருக்கிறதே, புளோயர் என்பீர்களே, அதன் அளவு ஏறத் தொடங்கியது. இந்த முறை கொஞ்சம், அடுத்த முறை இன்னும் கொஞ்சம். மருமகள் மேலாளரிடம் போனாள். "சார், புளோயர் பேரிங் போகப்போகுது. நிறுத்திப் பார்த்துடலாம்."

நிறுத்தினார்கள். பிசைந்து வைத்த மாவெல்லாம் பொங்கிப் புளித்துப் போயிற்று. பேரிங்கைக் கழற்றினார்கள். எப்படி இருந்தது பேரிங்? உடைந்திருந்ததா? இல்லை! உராய்ந்திருந்ததா? இல்லை! மணமேடைக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை முகம் போலப் பளபளவென்று இருந்தது!

அன்று என்னவெல்லாம் பேசினீர்கள்? மறந்திருப்பீர்கள். எனக்கு நினைவிருக்கிறது. "மெஷினுக்கு ஜோசியம் பார்க்குறா" என்றவர் அதோ மூன்றாவது வரிசையில் தலையைச் சொறிகிறார். "கருவியைக் காதுல வச்சுப் பாட்டுக் கேட்குறா போல" என்றவர் இன்று வரவே இல்லை. மேலாளர் ஐயா, இப்போது புன்னகைக்கிறீர்கள்; அன்று உங்கள் வாயிலிருந்து வந்தது வேறு. "இன்னொரு தடவை உன் பேச்சைக் கேட்டு மெஷின் நின்னுச்சுன்னா, கருவியைக் கொடுத்துட்டு பேக்கிங்குக்குப் போயிடும்மா."

பேரிங்கைத் திரும்பப் பூட்டி ஓட்டினார்கள். அளவு இறங்கியதா? அப்படியே இருந்தது. என் மருமகள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஆசையாகப் படித்துச் சேர்ந்த வேலை அவளுக்கு. கை நழுவப் பார்க்கிறது. நான் சொன்னேன், "வாயை மூடிக்கிட்டு இரு கொஞ்ச நாளைக்கு. எதையும் நிறுத்தச் சொல்லாத. வேலை போச்சுன்னா உங்கம்மா என் வீட்டு ராசியைத்தான் சொல்லுவாங்க."

அவள் சொன்னாள்: "அளவு பொய் சொல்லல அத்தை. நான்தான் தப்பான ஆளைப் பிடிச்சிருக்கேன்."

தப்பான ஆள்! இந்தச் சொல்லைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள், பிறகு கேட்பேன்.

மறுநாள் அடுப்பை மட்டும் கழுவ நிறுத்தியிருந்தார்கள்; மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மருமகள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். மறதி அவள் பிறந்த வீட்டுச் சீதனம். டப்பாவும் கையுமாக நான் வந்து சேர்ந்தபோது இங்கே ஒரே கூட்டம். புளோயர் நின்றிருக்கிறது. அதன் விலாவில் இவள் காந்தக் கட்டையை ஒட்டப் போகிறாள்.

"நின்ன மெஷின்ல என்னத்தைம்மா அளப்ப?" என்கிறார் மேலாளர். "செத்தவனுக்கு நாடி பார்ப்பியா?"

"ஆமா சார். பார்க்கணும்."

ஒட்டினாள். பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். என்ன ஆச்சரியம்! நின்ற மெஷினில் கோடு குதிக்கிறது! சுழலாத விசிறி நடுங்குகிறது! சிரித்தவர் வாய் திறந்தபடி நின்றது. என் கொழுந்தனார் மட்டும் முன்னால் வந்தார். "சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்றேன். கருவி கெட்டுப்போச்சு."

"கருவி கெடல சின்ன மாமா. இதைப் பக்கத்துல இருந்து யாரோ ஆட்டுறாங்க. இது சும்மா நின்னு வாங்கிக்குது. யாருன்னு பார்த்துடலாம்."

மாவு பிசையும் மெஷினை நிறுத்தச் சொன்னாள். கோடு குதித்தது. அச்சு வெட்டும் மெஷினை நிறுத்தச் சொன்னாள். அப்போதும் குதித்தது. மிச்சம் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம், சர்க்கரை அறையில், சர்க்கரையைப் பொடிக்கிற புது மெஷின். புளோயருக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வேகம். இரண்டும் நிற்பது ஒரே தளம். அதனால்தான் முதலில் ஆள் மாறிப்போயிற்று.

மேலாளருக்கு முகம் சுருங்கியது. "அது புதுசும்மா! நானே நேர்ல போய்ப் பார்த்து வாங்கினது."

"அதான் சார் வம்பு. புதுசுக்கு என்ன வரும்னு அதை அளக்கவே விடல நீங்க. அதுக்குப் பழைய அளவே இல்ல."

சர்க்கரை மெஷினை நிறுத்தினார்கள். கோடு? தொட்டிலில் தூங்கும் பிள்ளை போலப் படுத்துவிட்டது!

கை தட்டுங்கள், தட்டுங்கள். அன்று யாரும் தட்டவில்லை. ஏனென்றால் மருமகள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் குனிந்துவிட்டாள். அடியில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. இன்னொன்று அறுந்தே கிடந்தது. மெஷினைத் தாங்குகிற இரும்புத் தட்டில், விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். இன்னும் சில நாள் ஓடியிருந்தால் அந்த மெஷின் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். சாய்கிற பக்கம் நின்றபடி, அதன் வாயில் கட்டிய சல்லடையை நாள் முழுக்க இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா?

என் சம்பந்தியம்மா. இவளைப் பெற்ற தாய்.

எழுந்தவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் சர்க்கரை மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பகை பகைதான், அதற்காகத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியுமா? தம்ளரை நீட்டினேன். வாங்கினார்கள். மெஷின் நின்றுவிட்டது, ஆனால் கை நிற்கவில்லை. தண்ணீர் தம்ளருக்குள்ளே தாளம் போட்டது. நான் அந்தக் கையையே பார்த்தேன்.

"முறைக்காதீங்க சம்பந்தி. உங்க மேல கோபமில்ல" என்றார்கள். "இந்த மெஷின் வந்ததுல இருந்தே சாயங்காலமானா கை நிக்க மாட்டேங்குது. தேநீர் கொட்டின அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள, எனக்கு நரம்புத் தளர்ச்சி, அது என் பொண்ணுக்கும் வந்துடுமோ, தெரியாம எடுத்துட்டோமேன்னு நீங்க புலம்புறதா சேதி வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

"நானா? நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? யார் வந்து சொன்னது?"

"பேரெல்லாம் எதுக்கு? 'சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்றேன்'னு ஆரம்பிச்சார்."

நாங்கள் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். என் கொழுந்தனார் அண்ணாந்து கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கூரையில் ஒன்றுமில்லை. நாங்களும் பார்த்தோம்.

அவையோரே! தாய்மார்களே! இப்போது கேட்கிறேன், அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? தப்பான ஆள்! நடுங்கியது புளோயர், நடுக்கியது பக்கத்து அறை. நடுங்கியது ஒரு தாயின் கை, நடுக்கியது மெஷின். நடுங்கியது இரண்டு குடும்பம். நடுக்கியது எது என்று நான் சொல்லவும் வேண்டுமா? நடுங்குகிறவரைக் கண்டதும் "நீதான் பழுது" என்று கழற்றிப் போடுகிறோமே, ஒரு நாளாவது நிறுத்தி அளந்தோமா? அண்டையை அளந்தோமா? அடியில் குனிந்து பார்த்தோமா? வேலையே போனாலும் போகட்டும் என்று, நீங்கள் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, நின்ற மெஷினுக்கு நாடி பார்த்தாளே ஒருத்தி! பார்க்காமல் நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தால், இன்று இந்த முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

இப்போது அந்த மெஷினுக்குப் புது அடித்தளம் போட்டாயிற்று. சல்லடைக்குத் தாங்கி வைத்தாயிற்று; யாரும் கையால் பிடிக்க வேண்டியதில்லை. புதிதாக எது வந்தாலும் ஓடத் தொடங்கும் அன்றே அளந்தாக வேண்டும் என்று மேலாளரே உத்தரவு போட்டிருக்கிறார். போட்டீர்கள் அல்லவா ஐயா? தலையாட்டுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், நானும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

தொண்டை வறண்டுவிட்டது. அடடா, சம்பந்தியம்மாவே மேடைக்குத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள்! பாருங்கள் அந்தக் கையை! முன்போல் முழுக்க நிதானம் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் ஒரு சொட்டு சிந்தியதா? இன்றும் அதே கத்தரிப்பூப் புடவைதான் கட்டி வந்திருக்கிறேன், ஒரு சொட்டு சிந்தியதா?

சம்பந்தி, தலைவருக்கும் ஒரு தம்ளர் கொடுங்கள். வேர்க்கிறது அவருக்கு.

அவையோரே, அங்கே கவனியுங்கள்! தலைவர் கையிலிருக்கும் தம்ளர் ஆடுகிறது. மேசை ஆடவில்லை. மேடை ஆடவில்லை. விழாவுக்காக எல்லா மெஷினையும் நிறுத்தியாயிற்று. பக்கத்து அறையிலும் ஒன்றும் ஓடவில்லை. அப்படியென்றால் இந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது? மருமகளே, கருவியை எடுத்துக்கொண்டு இப்படி வா! சின்ன மாமா விலாவில் ஒட்டு!

சிரித்தது போதும். என் கோபம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை; வீடு மாறியிருக்கிறது. கொழுந்தனாரே, நாளைக் காலை சம்பந்தியும் நானும் சேர்ந்தே உங்கள் வீட்டுக்கு வருகிறோம். உங்களைப் பற்றி உங்கள் மனைவியிடம் சொல்லக்கூடாதவை எங்கள் இருவரிடமும் நிறைய இருக்கின்றன. ஆனாலும் சொல்வோம்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பிஸ்கட் தீர்ந்தும் எழுந்து போகாத பிள்ளைகளுக்கும், கை தட்டிய தாய்மார்க்கும், தட்டாமல் இருந்த மூன்றாவது வரிசைக்கும் நன்றி. உங்கள் வீட்டில் யாருக்காவது கை நடுங்கினால், கோபப்படும் முன் அந்தக் கையைப் பிடித்துப் பாருங்கள். வருகிறேன், வணக்கம்!