பெட்டி வராத வரைக்கும்

— உங்க பெட்டி இன்னும் எங்க பார்சல் ஆபீஸுக்கு வரலைன்னு சொன்னேன்ல, மனோங் போன்சோ? ஜெட்டாவிலிருந்து கப்பலே வந்து சேரலை.

— வரலையா? ரொம்ப நல்லதாப் போச்சு. அப்ப உன் முதுகுக்குப் பின்னாடி, ரோஸ் கலர் கயிறு கட்டி, என் பெண்டாட்டி பேர் எழுதி நிக்குதே, அது என்ன, இண்டாய் ரோடோரா? பிரிட்ஜா?

— அது... அது வேற கிளாரிட்டா.

— என் தெருவுலயே, என் வீட்டு நம்பர்லயே இன்னொரு கிளாரிட்டாவா? இத்தனை வருஷம் ஒருத்தியோடதான் குடித்தனம் பண்றேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

— சரி, சரி. சத்தம் போடாதீங்க. உட்காருங்க. பெட்டியைக் கேட்டுத்தானே வந்தீங்க?

— இல்லம்மா. அதை அனுப்பிடாதேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.

— அனுப்பாதேன்னா? ஊர்ல எல்லாரும் எங்க பெட்டி எங்கேன்னு என் கழுத்தைப் புடிக்கிறாங்க, நீங்க...

— கிளாரிட்டாவுக்கு நான் காரணம் சொல்லிக்கிட்டே வர்றேன். முதல்ல, கொரோனாவுல துறைமுகம் அடைச்சுக் கிடக்குன்னேன். அது நெசம். அப்புறம், சிங்கப்பூர்ல ஒவ்வொரு கன்டெய்னர் மூக்கிலயும் குச்சி விட்டுப் பாக்குறாங்கன்னேன்.

— கன்டெய்னருக்கு ஏது மூக்கு?

— அதான் லேட்டாகுதுன்னேன். தேடணும்ல? போன வாரம் ஒரு நிறைமாசத் திமிங்கலம் கப்பலுக்குக் குறுக்கே படுத்துடுச்சு. எழுப்புனா பாவம்னு கேப்டன் இன்ஜினையே நிறுத்திட்டாரு. கிளாரிட்டா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா. சிரிச்சுட்டு, 'அப்புறம் என்னாச்சு, கிழவா?'ங்கிறா.

— நம்பினாங்களா?

— நம்பாட்டி ஏன் 'அப்புறம்'னு கேக்குறா? ஆனா இப்ப நீங்க புதுசா ஒண்ணு கொண்டாந்துட்டீங்க. அவ போன்ல ஒரு குட்டிக் கப்பல் ஊர்ந்துக்கிட்டே போகுதாம். திமிங்கலம் படுத்த இடத்துல கப்பல் நிக்கலைன்னு ஒருநாள் பார்த்துட்டான்னா?

— மனோங், எதுக்கு இந்தக் கதையெல்லாம்? மகள் ஆசையா அனுப்பின பெட்டி...

— அவ அனுப்பலை.

— பின்ன யாரு அனுப்பினா?

— என் மக மரிவிக் போயிட்டா, இண்டாய். அங்க ஆஸ்பத்திரியில, மூச்சு முட்டி. பிளேன் ஓடலை, உடம்பை அனுப்ப வழியில்லைன்னு அங்கேயே மண்ணுல வெச்சுட்டாங்க. அவ ரூம்ல கூட இருந்த பொண்ணு எனக்குப் போன் பண்ணுச்சு. கிளாரிட்டா அப்ப மீன் வாங்கப் போயிருந்தா. அவ திரும்பி வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். பலாயா மீன் மலிவாக் கிடைச்சுதுன்னு அவ்வளவு சந்தோஷமா வந்தா. வாயை மூடிக்கிட்டேன்.

— கடவுளே. உங்களுக்கு... உங்களுக்குத் தெரியுமா, மனோங்?

— எனக்குத் தெரியாம? அந்தப் பெட்டியில இருக்கறது அவ துணிமணி, செருப்பு, ஜெபமாலை. ரூம்ல இருந்த பொண்ணுங்க அழுதுக்கிட்டே கட்டினது. நம்ம ஊர்ல பெட்டி வந்தா எப்படின்னு உனக்குத் தெரியாதா? தெருவே வந்து நிக்கும். டின் மாட்டுக்கறி யாருக்கு, சாக்லேட் யாருக்கு, சோப்பு யாருக்குன்னு கையை நீட்டிக்கிட்டு. அத்தனை பேர் நடுவுல கிளாரிட்டா கயிறை வெட்டி, மகளோட பழைய செருப்பை வெளிய எடுக்கணுமா?

— அழாதீங்க.

— அழலை. உங்க ஆபீஸ்ல மிளகாய் வறுக்குறீங்க. இந்தா பாரு, முன்னாடி இங்க இருந்த டோலோரெஸ் இருந்திருந்தா ஒரு வார்த்தை போதும். பெட்டியை மூலைக்குத் தள்ளி மேல நாலு சாக்கைப் போட்டு, கடல்ல விழுந்துடுச்சுன்னு சொல்லிடுவா. நீயும் அப்படிச் செய்.

— இப்ப முடியாது, மனோங். முன்னெல்லாம் எங்க கையில இருந்துச்சு. கப்பலெல்லாம் முடங்கி, பெட்டிங்க எங்கெங்கேயோ காணாமப் போனப்புறம் எல்லாத்தையும் மாத்திட்டாங்க. ஒவ்வொரு பெட்டியிலயும் ஸ்டிக்கர். எது எந்த வண்டியில ஏறணும்னு மெஷின்தான் சொல்லும். நான் ஒளிச்சு வெச்சா மணிலா ஹெட் ஆபீஸ்ல சிவப்பு விளக்கு எரியும்.

— பெட்டி வந்த அன்னைக்கே மெஷின் ஏத்திடுமா?

— அன்னைக்கே.

— அப்ப அது மேல பூனை குட்டி போட்டு, குட்டிங்க கண்ணும் திறந்துடுச்சே? அதுவரைக்கும் உன் மெஷின் பிரசவம் பாத்துச்சா?

— அந்தக் குட்டிங்களை இப்பவே எடுத்துடறேன்.

— என்னைப் பாத்துச் சொல்லு, இண்டாய். அந்தப் பெட்டி ஏன் நிக்குது?

— சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.

— யாருக்கு?

— பெட்டி யார் பேருக்கு வருதோ, அவங்க போன்லயே 'இப்ப வேண்டாம்'னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா வண்டி ஏறாது. வாராவாரம் மறுபடி அமுக்கணும்.

— யார் அமுக்குறது?

— உங்க வீட்டு மனாங்தான், கிளாரிட்டாவேதான். அனுப்பினது மரிவிக் இல்லைன்னு போன்ல பேரைப் பார்த்ததுமே அந்த ரூம் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுட்டாங்க. அப்புறம் இங்க வந்து, நீங்க உட்கார்ந்திருக்கற இதே நாற்காலியில உட்கார்ந்து சொன்னாங்க: 'கிழவனுக்கு இன்னும் தெரியாது, இண்டாய். மக இருக்கான்னு நம்பித்தான் தினம் ஒரு கதை சொல்லி என்னைச் சிரிக்க வைக்கிறான். பெட்டி வராத வரைக்கும் அவன் கதை சொல்லட்டும்.'